சம்மர்ட்டன் பள்ளிக்கூடங்களும் நான் எழுதிய ஒப்பீட்டு அறிக்கையும்



போன பதிவு போட்டு இரண்டு மாதம் ஆகிவிட்டது. "சார், அமெரிக்கா போனதும் எங்களை மறந்துட்டீங்களா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். மறக்கவில்லை. ஒரு விஷயத்தைப் படித்துக்கொண்டும் நேரில் போய்ப் பார்த்துக்கொண்டும் இருந்தேன். அதை எழுத உட்கார்ந்தால், இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாத இன்னொரு விஷயமும் கூடவே வந்து நிற்கிறது. அதனால்தான் தாமதம். பதிவு நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள். வகுப்பில் கொட்டாவி விட்டவர்களை நான் என்ன செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும்.

என் மகள் குடும்பம் இருப்பது தென் கரோலினா மாநிலத்தில், சம்டர் என்ற ஊரில். பேத்தி அடுத்த வருஷம் ஆறாம் வகுப்பு. இங்கே ஆறிலிருந்து எட்டு வரை பெரும்பாலும் தனிப் பள்ளிக்கூடம், மிடில் ஸ்கூல் என்பார்கள். நம் நடுநிலைப் பள்ளி ஒன்றிலிருந்து எட்டு வரை. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் அமைப்பு வேறு. மகளும் மருமகனும் சொந்த வீடு தேடிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்துக் கிளாரெண்டன் கவுண்டியில் விலை குறைவு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கவுண்டி என்றால் மாவட்டம் மாதிரி. ஆனால் கிளாரெண்டனின் மொத்த ஜனத்தொகை 2020 கணக்குப்படி 31 ஆயிரம் சொச்சம்தான். நம் ஒன்றியத்தில் ஒரு மூலையில் அடங்கிவிடும்.

இங்கே வீடு பார்ப்பதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறார்கள். எந்தத் தெருவில் குடியிருக்கிறோமோ அந்தத் தெருவுக்கு உரிய அரசுப் பள்ளியில்தான் இடம். ஒவ்வொரு பள்ளிக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறார்கள். மகள் ஒரு ராத்திரி மூன்று பள்ளிகளை வரிசையாகத் திறந்து வைத்துக்கொண்டு, "அப்பா, நீங்க ஹெட்மாஸ்டர்தானே, நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.

தெற்கே சம்மர்ட்டனில் ஸ்காட்ஸ் பிராஞ்ச் பள்ளி. நடுவில் கவுண்டித் தலைநகர் மானிங்கில் ஒரு பள்ளி. வடக்கே டர்பெவில் என்ற சிற்றூரில் ஈஸ்ட் கிளாரெண்டன் பள்ளி. மதிப்பெண்ணைவிட என் கண்ணில் பட்டது வேறு. சம்மர்ட்டன் பள்ளியில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் கறுப்பினத்தவர். டர்பெவிலில் வெள்ளைப் பிள்ளைகள் பெரும்பான்மை. மானிங்கில் கலந்து இருக்கிறார்கள். கவுண்டி ஒன்று, மூன்றும் அரசுப் பள்ளிகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் போகிற தூரம்தான்.

சம்மர்ட்டன் என்ற பெயரை எங்கோ படித்திருக்கிறோமே என்று யோசித்தேன். மறுநாள் காலையில்தான் பிடிபட்டது. அமெரிக்காவில் இனவாரிப் பள்ளிகள் செல்லாது என்று 1954ல் வந்த பிரவுன் வழக்குத் தீர்ப்பை உங்களில் சிலருக்கு நான் சொல்லியிருப்பேன். பிரவுன் என்பவர் கான்சாஸ்காரர். ஆனால் அது ஒரே வழக்கில்லை, ஐந்து வழக்குகளைச் சேர்த்து விசாரித்தது. அவற்றில் உச்ச நீதிமன்றத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தது இந்தக் கிளாரெண்டன் கவுண்டி வழக்கு. அந்த வழக்கே பள்ளிக்கூடங்களை ஒப்பிட்ட கதைதான்.

அது ஒரு பேருந்தில் தொடங்கியது.

1940களில் கிளாரெண்டனில் பத்துக்கு ஏழு பேர் கறுப்பினத்தவர். பருத்தி விவசாயம். நிலம் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களிடம், உழுவது இவர்கள். வெள்ளைப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பேருந்து 30 ஓடியது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூடக் கிடையாது. ஒன்பது மைல் வரை நடந்து வந்த பிள்ளைகள் இருந்தார்கள். சான்டீ ஆற்றை மறித்து மேரியன் ஏரி உண்டாக்கிய பிறகு, தண்ணீர் ஏறும் நாட்களில் சில பிள்ளைகள் படகில் துடுப்புப் போட்டுப் பள்ளிக்கு வந்தார்கள். மழைக்காலத்தில் ஓடையைத் தாண்டி, சிலேட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த நம் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன்.

ஜோசப் டிலெய்ன் என்று ஒருவர். பாதிரியார், ஆசிரியரும்கூட. அவர் 1947ல் மாநிலத் தலைநகர் கொலம்பியாவில் ஒரு கூட்டத்துக்குப் போகிறார். பேருந்துக்காக வழக்குப் போட ஆள் தேடும் துணிச்சல் இந்த மாநிலத்தில் யாருக்கும் இல்லையே என்று அங்கே ஒருவர் பேசுகிறார். டிலெய்ன் ஊர் திரும்பி ஆள் தேடுகிறார். லீவை பியர்சன் என்ற விவசாயி சம்மதிக்கிறார். இதற்கு முன்பே பெற்றோர்கள் காசு சேர்த்து ஒரு பழைய பேருந்தை வாங்கி ஓட்டிப் பார்த்தார்கள். அது வழியிலேயே நின்றுபோகிற வண்டி. எரிபொருளுக்காவது பணம் கொடுங்கள் என்று கேட்டபோது, உங்கள் ஜனங்கள் கட்டுகிற வரி குறைவு, வெள்ளைக்காரர் வரியில் உங்களுக்கு வண்டி விடுவது நியாயமில்லை என்று பதில் வந்தது.

பியர்சன் 1948ல் வழக்குப் போட்டார். அவருடைய நிலம் இரண்டு பள்ளி மாவட்டங்களின் எல்லையில் இருந்தது. அவர் வரி கட்டுவது ஒரு மாவட்டத்தில், பிள்ளைகள் படிப்பது வேறு மாவட்டத்தில், அதனால் வழக்குத் தொடர உரிமையில்லை என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். சர்வே எண்ணைக் காட்டி மனுவைத் திருப்பி அனுப்புகிற வித்தை நமக்குப் புதிதா என்ன? வழக்கோடு போகவில்லை. அவருக்குக் கடன் கொடுப்பதை நிறுத்தினார்கள். அறுவடை இயந்திரத்தை யாரும் வாடகைக்குத் தரவில்லை. விளைந்த கதிர் வயலிலேயே வீணானது.

அதற்குள் விஷயம் பேருந்தைத் தாண்டிவிட்டது. 1949ல் ஸ்காட்ஸ் பிராஞ்ச் பள்ளியில் கடைசி வகுப்பு மாணவர்களே, வசூலித்த பணத்துக்குக் கணக்கு எங்கே என்று தங்கள் தலைமையாசிரியர் மேல் புகார் எழுதினார்கள். அவரும் கறுப்பினத்தவர்தான். (தலைமையாசிரியராக இருந்தவன் என்ற முறையில் இந்த இடத்தைப் படிக்கும்போது கொஞ்சம் நெளிந்தேன்.) அந்தப் புகாரை ஒட்டிக் கூடிய கூட்டங்களில்தான் பெற்றோர்கள் துணிந்தார்கள். வெள்ளையர் பள்ளிக்கு உள்ளதெல்லாம் எங்கள் பள்ளிக்கும் வேண்டும் என்று ஒரு மனு தயாரானது. நவம்பர் 1949ல் 107 பேர் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள்.

பெயர்கள் அகர வரிசையில் இருந்ததால் முதலில் வந்தவர் ஹாரி பிரிக்ஸ். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர், பெட்ரோல் பங்கில் வேலை, ஐந்து பிள்ளைகள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் முதலாளி அவருக்கு ஒரு பெட்டி சிகரெட்டைக் கொடுத்து வேலையை விட்டு நிறுத்தினார். விடுதியில் வேலை பார்த்த அவர் மனைவி எலைசாவையும் நிறுத்தினார்கள். டிலெய்னுக்கும் அவர் குடும்பத்தில் இருந்த ஆசிரியர்களுக்கும் வேலை போனது.

இனி ஒப்பீட்டுக்கு வருகிறேன். 1949–50ஆம் பள்ளி ஆண்டின் கணக்கு இது. கவுண்டியில் கறுப்பினப் பிள்ளைகள் 6,531 பேர், அவர்களுக்கு 61 பள்ளிகள். வெள்ளைப் பிள்ளைகள் 2,375 பேர், அவர்களுக்கு 12 பள்ளிகள். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் முதல் தரப்புக்குத்தான் பள்ளி அதிகம் என்று தோன்றும். ஆனால் அந்த 61ல் பாதிக்கு மேல் ஓராசிரியர், ஈராசிரியர் கொட்டகைகள். 61 பள்ளிகளின் மொத்த மதிப்பு 1,94,575 டாலர். 12 பள்ளிகளின் மதிப்பு 6,73,850 டாலர். ஒரு வெள்ளைப் பிள்ளைக்கு வருஷத்துக்குச் செலவழித்தது 179 டாலர், ஒரு கறுப்பினப் பிள்ளைக்கு 43 டாலர்.

ஹோவர்டு பல்கலைக்கழகத்திலிருந்து மேத்யூ வைட்ஹெட் என்ற கல்வியியல் பேராசிரியரை வரவழைத்து, சம்மர்ட்டன் பள்ளி மாவட்டத்தின் இருவகைப் பள்ளிகளையும் ஒவ்வொன்றாகப் பார்வையிடச் செய்தார்கள். அவர் நம் பார்வைக் குறிப்பேடு மாதிரியே எல்லாவற்றையும் எழுதினார். வெள்ளையர் பள்ளியில் ஒரு ஆசிரியருக்கு 28 பிள்ளைகள், கறுப்பினத்தவர் பள்ளியில் 47 பிள்ளைகள். அங்கே குழாய்த் தண்ணீர், இங்கே வாளியும் அகப்பையும். அங்கே தண்ணீர் ஊற்றும் கழிப்பறை, இங்கே வெளியே குழி எடுத்த கழிப்பறை. இதெல்லாம் 1951 மே 28, 29 தேதிகளில் சார்ல்ஸ்டன் நகர நீதிமன்றத்தில் சாட்சியமாக வந்தது. கிளாரெண்டனிலிருந்து நூற்றுக்கணக்கான பேர் விடிவதற்கு முன்பே கிளம்பிப் போய்ப் படிக்கட்டில் வரிசையில் நின்றார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அடுத்த மாதம் வேலை இருக்கும் என்று யாருக்கும் உறுதியில்லை.

விசாரணை தொடங்கியதும் ஒன்று நடந்தது. அரசுத் தரப்பு வக்கீல் ராபர்ட் ஃபிக் எழுந்து, "பள்ளிகள் சமமாக இல்லை, ஒப்புக்கொள்கிறோம். சமமாக்க அவகாசம் கொடுங்கள்" என்ற அர்த்தத்தில் பேசிவிட்டார். அரசாங்க வக்கீல் தோல்வியை ஒப்புக்கொண்டதாகத் தோன்றும். உண்மையில் அது மிகவும் கெட்டிக்காரத்தனமான நகர்வு. எதிர்த்தரப்பு ஒரு மூட்டை ஒப்பீட்டோடு வந்திருக்கிறது. "ஆமாம், எல்லாம் உண்மை" என்று சொல்லிவிட்டால் அந்த மூட்டையைப் பிரிக்கிற வேலையே இல்லை. கழிப்பறை கட்டித் தருகிறோம், பேருந்து விடுகிறோம், வேறென்ன வேண்டும்?

ஆனால் அதற்கு ஆறு மாதம் முன்பே வழக்கின் கேள்வி மாறியிருந்தது. மாற வைத்தவர் நீதிபதி வேட்டீஸ் வேரிங். சார்ல்ஸ்டனின் பழைய வெள்ளைக் குடும்பத்துக்காரர். வசதிகளைச் சமமாக்கு என்று கேட்கும் மனுவோடு 1950 நவம்பரில் வக்கீல் தர்குட் மார்ஷல் வந்து நின்றபோது, பிரித்து வைப்பதையே எதிர்த்து வழக்குப் போடுங்கள் என்று வேரிங் தூண்டினார். மார்ஷல் தயங்கினார். தோற்றால் எல்லாம் போய்விடும் என்ற கணக்கு அவருக்கு. கடைசியில் மனுவைத் திருத்திப் போட்டார்கள். கையெழுத்துப் போட்ட குடும்பங்களும், பேருந்து கேட்கத் தொடங்கிய அந்த விவசாயிகள்தான், சரி என்றார்கள்.

பிரித்து வைப்பதால் வரும் கேட்டை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அதற்குத்தான் கென்னத் கிளார்க் என்ற உளவியலாளர் பொம்மைகளோடு கிளாரெண்டனுக்கு வந்தார். பொம்மைகள் எல்லாம் ஒரே மாதிரி, நிறம் மட்டும் வேறு. ஆறு முதல் ஒன்பது வயது வரை 16 கறுப்பினப் பிள்ளைகளிடம் காட்டி, உனக்கு எது பிடிக்கும், எது கெட்ட பொம்மை என்று கேட்டார். 10 பிள்ளைகளுக்கு வெள்ளைப் பொம்மை பிடித்தது. 11 பிள்ளைகள் கறுப்புப் பொம்மையைக் கெட்டது என்றார்கள். 16 பேரை வைத்து என்ன ஆராய்ச்சி என்று கேட்டவர்கள் அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் நாற்பது வருஷம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவன் நான். எனக்கு 16 பேர் போதும்.

1951 ஜூன் 23ல் தீர்ப்பு. மூன்று நீதிபதிகளில் இருவர், பிரித்து வைப்பது சட்டப்படி சரி, ஆனால் வசதியைச் சமமாக்கி ஆறு மாதத்தில் அறிக்கை கொடுங்கள் என்றார்கள். வேரிங் மட்டும், பிரிப்பதே சமமின்மைதான் என்று தனியாக மாறுபட்டு எழுதினார். 1954 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் வந்து சேர்ந்த இடம் அதுதான். அதற்குள் அவர் சொந்த ஊரில் இருக்க முடியாமல், பதவியை விட்டு நியூயார்க் போய்விட்டார். அந்த நீதிமன்றக் கட்டடத்துக்கு 2015ல் அவர் பெயரையே வைத்தார்கள்.

இனிமேல் வருகிற பகுதியை நம் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை. என்னைத் தூங்கவிடாமல் செய்ததும் அதுதான்.

தென் கரோலினா அரசு சும்மா இருக்கவில்லை. கட்டித் தள்ளியது. ஆளுநர் ஜேம்ஸ் பைர்ன்ஸ் 3 சதவீத விற்பனை வரி போட்டார், 7.5 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் கொண்டுவந்தார். மாநிலம் முழுவதும் கறுப்பினப் பிள்ளைகளுக்கு நூற்றுக்கணக்கில் புதுப் பள்ளிக் கட்டடங்கள். செங்கல் சுவர், ஒரே தளம், நீள வரிசையாகச் சன்னல்கள். பேருந்துகளை மாநில அரசே ஏற்று எல்லாப் பிள்ளைகளுக்கும் விட்டது. இன்றுவரை அங்கே பள்ளிப் பேருந்துகள் மாநில அரசுக்குச் சொந்தமானவை. பியர்சன் கேட்ட பேருந்து வந்துவிட்டது. சம்மர்ட்டன் ஸ்காட்ஸ் பிராஞ்ச் பள்ளிக்கும் அழகான புதுக் கட்டடம் வந்தது.

ஏன் கட்டினார்கள்? பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காகக் கட்டினார்கள். அதை மறைக்கவும் இல்லை. "உங்களுக்குத்தான் எல்லாம் கொடுத்தாகிவிட்டதே, அங்கே எதற்கு வருகிறீர்கள்?" என்று கேட்பதற்கு ஒரு கட்டடம் தேவைப்பட்டது.

ஒரு வாரம் கழித்து மருமகன் என்னைக் காரில் அழைத்துப் போனார். சம்மர்ட்டன் சின்ன ஊர். நம் பக்கத்துக் கடைத்தெரு அளவுகூட இல்லை. 1936ல் கட்டிய பழைய வெள்ளையர் உயர்நிலைப் பள்ளி செங்கல் கட்டடமாக இன்னும் நிற்கிறது. பின்னாளில் அது கல்வி அலுவலகமாகிவிட்டது. இந்தக் கட்டடத்தையும் ஸ்காட்ஸ் பிராஞ்ச் பழைய கட்டடத்தையும் 2022ல் சட்டம் போட்டுத் தேசிய வரலாற்றுப் பூங்காவில் சேர்த்திருக்கிறார்கள். நான் அந்தப் புதுக் கட்டடத்தின் (இப்போது அதுவும் பழசுதான்) முன்னால் நின்றேன். நல்ல கட்டடம். வெளிச்சம் வருகிற மாதிரி சன்னல் வைத்திருக்கிறார்கள். மருமகன் "என்ன மாமா, ரொம்ப நேரமா பார்க்கிறீங்க?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

ஒன்றுமில்லாமல் இல்லை. 1994ல் நம் ஒன்றியத்தில் பள்ளிகளின் நிலை பற்றி ஒரு கணக்கெடுப்பு வந்தது. நான் அப்போது ஊர்ப் பள்ளியில் தலைமையாசிரியர். எந்த ஊர் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் காலனிப் பள்ளிக்கூடம், ஆதிதிராவிடர் நலத்துறை நடத்தியது. நடந்து போனால் பத்து நிமிஷம். அந்தக் காலத்து லேபர் ஸ்கூல். பொதுப் பள்ளியில் சேர்க்க மறுத்ததால் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தனியே தொடங்கிய பள்ளிகளின் வழியில் வந்தது. அவை இல்லாவிட்டால் எத்தனையோ ஆயிரம் பேர் எழுத்தே பார்த்திருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. இரண்டு பள்ளிகளையும் ஒப்பிட்டு அறிக்கை எழுதும் வேலை எனக்கு வந்தது. நான் கர்மசிரத்தையாக எழுதினேன். வகுப்பறை எத்தனை, ஓடு உடைந்தது எத்தனை, கரும்பலகை, குடிநீர், கழிப்பறை, ஆசிரியர் பணியிடம், காலியிடம். காலனிப் பள்ளிக்குக் கைப்பம்பு வேண்டும், சுற்றுச்சுவர் வேண்டும், ஆசிரியர் இரண்டு பேர் வேண்டும் என்று சிபாரிசு செய்தேன். அலைந்தேன். இரண்டு வருஷத்தில் பம்பு வந்தது, சுவர் வந்தது, ஒரு ஆசிரியரும் வந்தார். அதற்கு எனக்குப் பாராட்டும் கிடைத்தது. வீட்டில் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதை உறவினர்கள் பார்த்திருப்பீர்கள்.

அறிக்கையில் பன்னிரண்டு கட்டங்கள் இருந்தன. ஊர்த்தெருப் பிள்ளை ஒன்றுகூட ஏன் அந்தப் பள்ளியில் இல்லை, காலனிப் பிள்ளைகள் ஏன் என் பள்ளியில் விரல் விட்டு எண்ணுகிற அளவே இருக்கிறார்கள் என்பதற்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததால் நானும் எழுதவில்லை. அப்படித்தான் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சுவர் கட்டி முடித்த அடுத்த ஜூன் மாதம், காலனியிலிருந்து ஒருவர் தன் மகனைக் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார். பையன் ஐந்தாம் வகுப்பு அங்கே முடித்திருந்தான். நல்ல கையெழுத்து. ஆறாம் வகுப்புக்கு இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். நான் மறுக்கவில்லை. மறுக்க எனக்கு அதிகாரமும் இல்லை, சட்டமும் இல்லை. நாற்காலியில் உட்காருங்கள் என்றுகூடச் சொன்னேன், அவர் உட்காரவில்லை. பிறகு நான் சொன்னது இதுதான்: "இப்பதான் அங்கேயே எல்லாம் வந்துடுச்சே. பம்பு, சுவர், வாத்தியார். பையனுக்கும் பக்கம். எதுக்கு இவ்வளவு தூரம்?"

பத்து நிமிஷ நடை. அதைத்தான் தூரம் என்று சொன்னேன்.

அதற்கு முந்தின வாரம் ஊரில் இரண்டு பேர் வந்து, சேர்க்கை விஷயத்தில் கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் சார் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மிரட்டலெல்லாம் இல்லை. டீ குடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் சொன்னதால் நான் அப்படிப் பேசினேனா, நானே அப்படித்தான் நினைத்தேனா என்று இப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை. அந்தத் தகப்பன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு "சரிங்க சார்" என்று போய்விட்டார். ஹாரி பிரிக்ஸுக்கு ஒரு சிகரெட் பெட்டியாவது கொடுத்து அனுப்பினார்கள்.

கிளாரெண்டன் கதை 1954ல் முடிந்துவிடவில்லை. டிலெய்னின் சம்மர்ட்டன் வீடு 1951லேயே எரிந்துபோனது. தீயணைப்பு வண்டிக்காரர்கள் வந்து, வீடு ஊர் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று சொல்லி நின்று பார்த்தார்கள். மறுபடியும் எல்லைக்கோடு. பிறகு லேக் சிட்டி என்ற ஊருக்குப் போனார், 1955ல் அவருடைய தேவாலயத்தை எரித்தார்கள். வீட்டைச் சுட வந்தவர்களைத் திருப்பிச் சுட்டதற்காக அவர் மேலேயே பிடிவாரண்டு. மாநிலத்தை விட்டு ஓடினார், உயிரோடு இருந்தவரை அந்த வாரண்டு நீங்கவில்லை. 1974ல் இறந்தார், 2000ல்தான் அந்த வழக்கிலிருந்து அவர் பெயரை நீக்கினார்கள். டிலெய்ன், பியர்சன், பிரிக்ஸ் தம்பதி ஆகியோருக்கு அமெரிக்க நாடாளுமன்றம் தங்கப் பதக்கம் அறிவித்தது 2003ல்.

தீர்ப்பு வந்தும் பள்ளிகள் சேரவில்லை. 1955ல் இதே வழக்கு திரும்பி வந்தபோது, அரசியல் சட்டம் பிரிக்காதே என்றுதான் சொல்கிறது, சேர்த்து வை என்று சொல்லவில்லை என்று கீழ் நீதிமன்றம் ஒரு விளக்கம் கொடுத்தது. அதைப் பிடித்துக்கொண்டு தென்மாநிலங்கள் வருஷக்கணக்கில் ஓட்டின. 1965ல் ஒரு சில கறுப்பினப் பிள்ளைகள் சம்மர்ட்டன் வெள்ளையர் பள்ளிக்குள் நுழைந்தார்கள். அதே ஆண்டில் ஊரில் ஒரு தனியார் பள்ளி தொடங்கியது. கொஞ்ச காலத்தில் அரசுப் பள்ளியில் வெள்ளைப் பிள்ளைகளே ஏறக்குறைய இல்லை என்றாகிவிட்டது. சிறிய கவுண்டிக்குள் மூன்று தனித்தனிப் பள்ளி மாவட்டங்கள், மூன்று எல்லைக்கோடுகள், பல பத்தாண்டுகள் அப்படியே இருந்தன. சமீபத்தில்தான் ஒன்றாக்கினார்கள். நிர்வாகம் ஒன்றானது, பள்ளிகள் அங்கங்கேதான் இருக்கின்றன.

இன்னொரு ஒப்பீட்டு வழக்கும் இந்தக் கவுண்டியில்தான் நடந்தது. ஏழைக் கிராமப்புறப் பள்ளி மாவட்டங்கள் சேர்ந்து மாநிலத்தின் மேல் 1993ல் வழக்குத் தொடுத்தன. பிள்ளைக்குக் குறைந்தபட்சம் போதுமான கல்வி தருவது மாநிலத்தின் கடமை என்று 1999ல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. "குறைந்தபட்சம் போதுமான" என்ற சொல்லைப் பாருங்கள், நம் மதிய உணவு அரிசிக்குக்கூட அதைவிட நல்ல தரம் எழுதியிருப்பார்கள். மானிங் நீதிமன்றத்தில் 2003ல் தொடங்கிய விசாரணை 102 நாட்கள் நடந்தது. 2005 தீர்ப்பில் நீதிபதி, கட்டடங்கள் போதுமானவை என்றார். ஆனால் வறுமையில் வரும் சின்னப் பிள்ளைகளுக்குத் தொடக்கத்திலேயே செய்ய வேண்டியதை மாநிலம் செய்யவில்லை என்றார். அதாவது பைர்ன்ஸ் காலத்திலிருந்தே கட்டடம் பாஸ்தான். 2014ல் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் மாநிலத்தைக் குறை சொன்னது. 2017ல் அதே நீதிமன்றம், நீதிபதிகள் மாறிய பிறகு, தன் மேற்பார்வையை முடித்துக்கொண்டது.

மகளுக்கு இதையெல்லாம் சொன்னேன். "அப்போ எந்த ஸ்கூல்தான்ப்பா நல்லது?" என்றாள். மானிங் பள்ளியை நேரில் போய்ப் பார், பிள்ளைகள் மதியம் சாப்பிடுகிற நேரத்தில் போ, யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து சொல் என்றேன். எந்த நாளில் அனுமதிப்பார்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறாள்.

அந்தப் பையன் எட்டாவது வரை அங்கேயே படித்தான். ஒன்பதாவதுக்கு டவுன் பள்ளிக்குப் போனான், நன்றாக வந்திருக்கிறான். போன வருஷம் என் பிறந்தநாளுக்கு அவனிடமிருந்து வாழ்த்து வந்தது, "சார்" என்று போட்டு. நான் அவனுக்கு ஒரு நாள்கூடப் பாடம் எடுத்ததில்லை. பெயர் சொல்ல மாட்டேன், இதைப் படிப்பான் என்று தெரியும்.

தம்பி, உன் அப்பா நன்றாக இருக்கிறாரா? நான் ஆவணியில் ஊருக்கு வருகிறேன். வந்த முதல் வாரம் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். அப்பா எந்த நேரம் வீட்டில் இருப்பார் என்று மட்டும் சொல்.